பனிமலையும் வண்ணமும்: ரோரிக் தீட்டிய இமயம்

ஓவியக் கலையில் மிக அரிய செயல் எது என்று கேட்டால், மனித முகத்தை உயிர்ப்புடன் தீட்டுவதே என்று பலர் கூறுவர். மலைநாட்டில் வாழ்ந்து தூரிகை பிடித்தவர்களோ வேறு விடை கூறக்கூடும். பனி மூடிய பெருமலையைத் தீட்டுவது முகத்தைத் தீட்டுவதினும் கடினமானது. முகத்திற்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவை நாம் பிறந்தது முதல் அறிவோம். மலையின் அளவைக் காட்டவோ அதன் அருகே எதுவும் இல்லை. மரம் வளரும் எல்லைக்கு மேலே வீடு இல்லை, வயல் இல்லை, ஆள் நடமாட்டமும் இல்லை. அங்கே நூறு அடிப் பாறையும் ஆயிரம் அடிப் பாறையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். பனிக்குத் தனக்கென ஒரு நிறமும் இல்லை. காலையில் பொன்னாகவும், நண்பகலில் வெண்மையாகவும், மாலையில் செம்மையாகவும், நிலவில் நீலமாகவும் அது மாறிக்கொண்டே இருக்கும். வானம் எந்த நிறத்தை வழங்குகிறதோ அதையே பனி ஏற்றுக்கொள்கிறது.

இவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. தொலைவிலுள்ள பொருள் மங்கியும், நீலம் படர்ந்தும், விளிம்பு கரைந்தும் தோன்ற வேண்டும் என்பது ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியர் பல நூற்றாண்டுகளாகக் கையாண்டு வந்த விதி. சமவெளிக் காற்றில் இது முற்றிலும் உண்மை. ஆனால் உயர்ந்த மலைப் பிரதேசத்தில் எழுபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சிகரமும் கத்தியால் வெட்டியெடுத்ததுபோல் தெளிவாக நிற்கும். ஓவியன் தான் கண்டதைக் கண்டபடியே தீட்டினால், சமவெளியில் வாழும் நாம், “இப்படியும் ஒரு மலை உண்டா? இது வெறும் கற்பனை” என்று சொல்லிவிடுவோம். விதியைப் பின்பற்றித் தீட்டினாலோ மலை சிறுத்துக் குன்றாகிவிடும்.

இந்த இக்கட்டில் ஏறக்குறைய இருபத்து நான்கு ஆண்டுகள் நின்று போராடியவர், ருஷ்யாவில் பிறந்து இந்திய மண்ணில் மறைந்த ஓவியர் நிக்கோலஸ் ரோரிக். அவருடைய இமயமலை ஓவியங்களைக் காண்பவர் மனத்தில் எழும் முதற்கேள்வி ஒன்றே: ஊதா நிற மலை, பச்சை வானம், செந்தழல் போன்ற பனி ஆகிய இவையெல்லாம் ஓவியர் கண்ட கனவா, அன்றிக் கண்ணால் கண்ட காட்சியா? இக்கேள்விக்கு விடை காண முயல்வதே இவ்வுரையின் நோக்கம்.

ரோரிக் 1874 ஆம் ஆண்டில் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தார். தந்தையின் விருப்பத்திற்கிணங்கச் சட்டமும், தம் விருப்பத்திற்கிணங்க ஓவியமும் ஒரே காலத்தில் பயின்றார். அவர் பிறந்த நாடு பெரும்பாலும் சமவெளி. ஆயினும் தம் குடும்பத்தின் இஸ்வாரா என்னும் கிராமப்புற மாளிகையில் ஒரு பழைய மலைச்சித்திரம் தொங்கியதையும், அது இமயத்தின் கஞ்சன்ஜங்கா சிகரமே என்று பிற்காலத்தில் தாம் தெரிந்துகொண்டதையும் அவரே எழுதியிருக்கிறார்.

ஓவியக் கல்லூரியில் அவருக்கு வாய்த்த ஆசான் ஆர்க்கிப் குயிஞ்ஜி என்பவர். ஒளியைத் தீட்டுவதில் அக்கால ருஷ்யாவில் அவருக்கு நிகர் எவரும் இல்லை எனலாம். நீப்பர் ஆற்றின் மீது நிலவொளி படரும் காட்சியைக் குயிஞ்ஜி 1880 இல் தீட்டி, அந்த ஒரே ஓவியத்தை இருட்டறை ஒன்றில் வைத்துக் காட்டினார். மக்கள் திரளாக வந்து பார்த்தனர். கித்தானுக்குப் பின்னால் விளக்கு எதுவும் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று சிலர் எட்டிப் பார்த்தனராம். ஆயினும் அந்த ஓவியத்திற்கு ஒரு குறை நேர்ந்தது. அதில் பயன்பட்ட நிலக்கீல் கலந்த வண்ணம் காலப்போக்கில் கருத்துவிட்டது. ஆசானிடமிருந்து மாணவர் பெற்றுக்கொள்ளத்தக்க பாடங்கள் இவ்வாறு இரண்டாயின. ஒளியே நிலக்காட்சியின் உயிர் என்பது முதற்பாடம். வண்ணப் பொருள் பொய்த்தால் ஒளியும் பொய்த்துவிடும் என்பது இரண்டாம் பாடம்.

ருஷ்யாவில் இருந்தபோதே ரோரிக் எண்ணெய் வண்ணத்தை விட்டு ‘டெம்பரா’ என்னும் முறைக்கு மாறினார். வண்ணப் பொடியை எண்ணெயில் குழைக்காமல், முட்டைக் கரு, பசை போன்ற நீரில் கரையும் பொருளில் குழைத்துப் பூசும் பழைய முறை இது. ருஷ்யத் திருக்கோயில்களின் பழம்படங்கள் இம்முறையில் தீட்டப்பட்டவையே. டெம்பரா விரைவில் உலர்ந்துவிடும், எண்ணெயைப்போல் பளபளக்காது, நாளடைவில் மஞ்சள் படர்வதும் குறைவு. எண்ணெய் வண்ணத்தில் நிறங்களை ஒன்றோடொன்று குழைத்து மென்மையாக்கலாம். டெம்பராவிலோ ஒரு நிறத்தின் அருகே மற்றொரு நிறத்தைத் தெளிந்த எல்லையோடு நிறுத்துவதே இயல்பு. பனிமலையின் கூர்மையான விளிம்பிற்கு இதனினும் ஏற்ற கருவி வேறில்லை.

நாடக மேடையும் அவருக்கு ஒரு பள்ளியாக அமைந்தது. 1909 இல் பாரிஸ் நகரில் தியாகிலேவ் நடத்திய ருஷ்ய நிகழ்ச்சிகளுக்கு அவர் மேடைக்காட்சி தீட்டினார். 1913 இல் பெரும் கூச்சலையும் குழப்பத்தையும் விளைவித்து இசை வரலாற்றில் இடம்பெற்றுவிட்ட ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தத்தின் சடங்கு’ என்னும் நடனத்திற்கும் காட்சியும் உடையும் அமைத்தவர் அவரே. மேடைத் திரையைத் தீட்டுபவன், அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் புரியுமாறு தீட்ட வேண்டும். சிறு விவரங்களை விலக்கி, பெரிய பெரிய வண்ணப் பரப்புகளால் பேச வேண்டும். இந்தப் பழக்கம் பின்னர் இமயத்தின் முன்னே அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது.

ருஷ்யப் புரட்சியின் காலத்தில் பின்லாந்து சென்ற ரோரிக், லண்டனிலும் நியூயார்க்கிலும் சில ஆண்டுகள் வாழ்ந்தபின், 1923 டிசம்பரில் மனைவி மக்களோடு பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கினார். அம்மாத இறுதிக்குள் டார்ஜிலிங் சென்று சேர்ந்தார். அங்கிருந்து ஏறக்குறைய எழுபத்தைந்து கிலோமீட்டர் தொலைவில், 8,586 மீட்டர் உயரத்தில் கஞ்சன்ஜங்கா நிற்கிறது. சிறுவயதில் சித்திரத்தில் கண்ட மலையை நாற்பத்தொன்பதாம் வயதில் அவர் நேரில் கண்டார்.

அந்த மலையை ஐரோப்பிய ஓவியர் தீட்டுவது அதுவே முதன்முறை அன்று. ஆங்கிலேய ஓவியரான எட்வர்ட் லியர் என்பவர் 1874 இல் டார்ஜிலிங் வந்து அதே சிகரத்தைக் குறிப்பெடுத்துச் சென்று, பின்னர்ப் பெரிய எண்ணெய் ஓவியங்களாகத் தீட்டினார். இருவரையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். லியரின் படத்தில் முன்பகுதி முழுவதும் பெரணியும் மரமும் அடர்ந்த சரிவு. அதன் பின்னே ஆழ்ந்த பள்ளத்தாக்கு; அதற்கும் அப்பால், வெகு தொலைவில், மென்மையாகப் பனிச் சிகரம். பார்ப்பவன் டார்ஜிலிங்கின் சரிவில் பத்திரமாக நின்றுகொண்டு மலையை நோக்குகிறான். ரோரிக் அந்த முன்பகுதியையே பெரும்பாலும் நீக்கிவிட்டார். மரமும் பெரணியும் இல்லை. கால் ஊன்றி நிற்க இடமும் இல்லை. பள்ளத்தாக்கை மேகம் நிரப்பி நிற்க, அதன் மேலே மலை மட்டும் எழுகிறது. பார்ப்பவனும் அந்தரத்தில் நிற்கிறான். மலைக்கும் அவனுக்கும் இடையே காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை.

அளவு காட்டும் இடரை அவர் தீர்த்த விதமும் நோக்கத்தக்கது. 1924 இல் தீட்டிய ‘நினைவில் கொள்’ என்னும் ஓவியத்தில், குதிரை மீது புறப்பட்டுச் செல்லும் ஒருவன் திரும்பித் தன் வீட்டை நோக்குகிறான். வீட்டின் அருகே அவனை வழியனுப்புவோர் நிற்கின்றனர். இவர்களுக்குப் பின்னே வானத்தை அடைத்துக்கொண்டு பனிமலை நிற்கிறது. அதே ஆண்டில் எழுந்த ‘தேடலின் முத்து’ என்னும் ஓவியத்தில் குருவும் சீடனும் முத்துமாலை ஒன்றைக் கையில் வைத்து ஆராய்கின்றனர். அவர்களைச் சூழ்ந்து மலைத்தொடர்கள் விரிகின்றன. மனித உருவம் விரல் அளவே இருக்கும். முகம்கூடத் தெளிவாகத் தெரியாது. ஆனால் அந்த உருவத்தைக் கண் கண்டுகொண்ட அக்கணமே மலை பன்மடங்கு வளர்ந்துவிடுகிறது. அம்மனிதன் அஞ்சியும் நிற்கவில்லை, மலையை வென்றுவிட்ட பெருமிதமும் காட்டவில்லை. தன் வேலையைத் தான் பார்க்கிறான். மலை தன் வேலையைப் பார்க்கிறது.

டார்ஜிலிங்கில் தங்கியிருந்தவர் வெறும் பார்வையாளராகவே இருந்திருக்கலாம். மலையை உள்ளே புகுந்து அறிய வேண்டும் என்னும் வேட்கை அவரை விடவில்லை. இடையே 1925 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து அடையாற்றுப் பிரம்மஞான சங்கத்திற்குத் தம் ‘தூதன்’ என்னும் ஓவியத்தை அளித்தார். அவ்வாண்டின் கோடையில் மனைவி ஹெலினாவோடும் மூத்த மகன் ஜார்ஜோடும் ஸ்ரீநகரிலிருந்து லடாக் நோக்கிப் பெரும் பயணம் தொடங்கினார். லே நகரைக் கடந்து, 5,540 மீட்டர் உயரமுள்ள காரகோரம் கணவாயைத் தாண்டி, கோட்டான், காஷ்கர், அல்தாய் மலை, மங்கோலியா வழியாகச் சுற்றி, திபெத்தின் ஊடே 1928 மே மாதத்தில் மீண்டும் டார்ஜிலிங் வந்து சேர்ந்தார். வழியில் முப்பத்தைந்து மலைக் கணவாய்களைக் கடந்ததாக அவர்கள் கணக்கிட்டனர். இப்பயணத்தின் விளைவாக எழுந்த ஓவியங்கள் ஏறத்தாழ ஐந்நூறு.

இந்த ஐந்நூறு ஓவியங்களுக்கு ஒரு விலையும் இருந்தது. 1927 அக்டோபரில் திபெத்தின் சாங்தாங் மேட்டுநிலத்தில் அவர்கள் தடுத்து நிறுத்தப்பட்டனர். லாசா செல்லவும் அனுமதி இல்லை, திரும்பிச் செல்லவும் அனுமதி இல்லை. நாலாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், கோடைக்கென்று அமைந்த கூடாரங்களில், ஐந்து மாதப் பனிக்காலத்தைக் கழிக்க நேர்ந்தது. குளிர் உறைநிலைக்குக் கீழே நாற்பது பாகையையும் கடந்து இறங்கியது. குழுவைச் சேர்ந்த ஐவர் இறந்தனர். சுமை சுமந்த விலங்குகள் நூற்றில் தொண்ணூறு மடிந்தன. 1928 மார்ச்சில்தான் புறப்பட அனுமதி கிடைத்தது. அவர் படங்களில் பனி அழகாக இருக்கிறது என்று கூறி நாம் கடந்து போய்விடுகிறோம். அந்தப் பனி ஐந்து உயிர்களைக் கொண்டுபோனதும் அவர் அறிந்ததே. அப்பயணத்திற்குப் பின் எழுந்த ஓவியங்களில் மலை மேலும் எளிமையாகவும் மேலும் தொலைவாகவும் நிற்கிறது என்றால், அதில் வியப்பொன்றும் இல்லை.

இனி, நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். அந்த நிறங்கள் மெய்யா, பொய்யா?

சூரிய ஒளியில் பல நிறங்கள் கலந்திருப்பதை நாம் அறிவோம். காற்றின் நுண்துகள்கள் சிவப்பை விட நீலத்தையே மிகுதியாகச் சிதறடிக்கின்றன. அதனால்தான் வானம் நீலமாகத் தோன்றுகிறது. சமவெளியில் இந்தச் சிதறலோடு தூசியும் புகையும் நீராவியும் சேர்ந்துகொண்டு எல்லா நிறங்களையும் வெளுக்கச் செய்துவிடுகின்றன. மேலே செல்லச் செல்ல நிலைமை மாறுகிறது. ஐயாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறையப் பாதியே. காற்றிலுள்ள நீராவியும் தூசியும் பெரும்பாலும் கீழ் அடுக்குகளிலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே தலைக்கு மேலுள்ள வானம் வெளிறிய நீலமாக இராமல், கருநீலமாக ஆழ்ந்து காணப்படுகிறது. தொலைவிலுள்ள சிகரத்தின் விளிம்பை மங்கச் செய்ய அங்கே போதிய தூசி இல்லை. ரோரிக்கின் மலைகள் கத்தரித்து ஒட்டியவை போல் கூர்மையாக நிற்பதன் காரணம் இதுவே.

நிழலின் நிறத்தை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் நிழல் சாம்பல் நிறம் அல்லது கருமை. பனியின் மீது விழும் நிழலுக்கோ சூரியனின் நேரொளி கிடைப்பதில்லை. நீல வானத்தின் ஒளி மட்டுமே கிடைக்கிறது. வெள்ளைப் பனி அந்த நீலத்தை அப்படியே வாங்கித் திருப்பித் தருகிறது. எனவே பனிமலையின் நிழல் நீலமாக இருப்பதே இயற்கை. அந்தி வேளையில் சூரிய ஒளி காற்றின் ஊடே நெடுந்தூரம் சாய்ந்து வருவதால் நீலம் வழியிலேயே சிதறிவிட, செம்மையே எஞ்சிச் சிகரத்தைத் தொடுகிறது. பள்ளத்தாக்கில் இருள் சூழ்ந்தபின்னும் சிகரம் மட்டும் சில நிமிடம் எரிவதுபோல் நிற்கிறது. செம்மையும் நீலமும் கலக்கும் இடத்தில் ஊதா பிறக்கிறது.

இன்னுமொன்றும் உண்டு. அவருடைய பல படங்களில் வானம் பட்டை பட்டையாக அமைந்திருக்கும். அடியில் சாம்பல் நீலம், அதன்மேல் ரோஜா நிறம், அதற்கும் மேலே வெளிறிய பச்சை நீலம். இஃது அலங்காரத்திற்காகச் செய்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால் தெளிந்த வானமுள்ள இடத்தில் சூரியன் மறைந்த சில நிமிடங்களில் கிழக்குத் திசையை நோக்கினால் இப்பட்டைகளை எவரும் காணலாம். அடியிலுள்ள சாம்பல் நீலம் புவியே தன் வளிமண்டலத்தின் மீது வீழ்த்தும் நிழல். அதன்மேல் உள்ள ரோஜா நிறம், அந்நிழலுக்கு மேலே இன்னும் செவ்வொளி படும் காற்று. 1961 இல் முதன்முதல் விண்வெளிக்குச் சென்ற யூரி ககாரின், புவியின் விளிம்பில் தாம் கண்ட வண்ண அடுக்குகளை விவரிக்கும்போது ரோரிக்கின் ஓவியங்களையே உவமை காட்டினார். காற்றைக் கடந்து நின்று பார்த்த கண்ணுக்கு இவ்வோவியங்கள் நினைவுக்கு வந்தன என்பது சிந்திக்கத்தக்கது.

எனவே ரோரிக் நிறங்களைப் புனைந்தார் என்று சொல்வதை விட, தேர்ந்தெடுத்தார் என்று சொல்வதே பொருந்தும். நாள் முழுவதும் மலை இந்த நிறங்களில் நிற்பதில்லை. காலையில் கால் நாழிகை, மாலையில் கால் நாழிகை. அந்தக் கணங்களைக் காத்திருந்து பிடிப்பதே அவர் செய்த வேலை. இதற்காகவே ஒரே சிகரத்தை மீண்டும் மீண்டும் தீட்டினார். இமய வரிசையில் பல படங்கள் ஒரு முழ நீளமே உள்ளவை. ஒரு முழக் கித்தானில் கஞ்சன்ஜங்கா அடங்குவது, அவர் எதை விட்டார் என்பதனால்தான். பாறையின் ஒவ்வொரு பிளவையும் பனியாற்றின் ஒவ்வொரு மடிப்பையும் அவர் தீட்டவில்லை. ஒளி படும் பக்கம், படாத பக்கம், அவற்றின் பின்னே வானம் என மூன்றே நான்கு நிறங்களில் மலை எழுந்துவிடுகிறது.

பயணம் முடிந்தபின் ரோரிக் குடும்பத்தினர் பியாஸ் நதி பாயும் குலு பள்ளத்தாக்கில், பழைய தலைநகரான நகர் என்னும் ஊரில் குடியேறினர். அங்கே ‘உருஸ்வதி’ என்னும் இமாலய ஆராய்ச்சி நிலையத்தை நடத்தி, மலைநாட்டு மூலிகைகளையும் மொழிகளையும் பழம்பொருள்களையும் ஆராய்ந்தனர். இடையிடையே வெளிநாடு சென்ற காலம் நீங்கலாக, தம் வாழ்வின் இறுதிவரை ரோரிக் அங்கேயே தீட்டிக்கொண்டிருந்தார்.

குலுவில் அவர் கற்ற பாடம் ஒன்று தனித்துக் கூறத்தக்கது. தொலைவிலிருந்து வருபவனுக்குப் பனிமலை மனிதனற்ற வனாந்தரம். அங்கேயே வாழ்பவர்களுக்கு அது அப்படியன்று. கணவாய்தோறும் மந்தையை ஓட்டிச் செல்லும் இடையர்களுக்கு அது வழி. உழவர்களுக்கு அது நீர். எல்லோருக்கும் அது தெய்வம். லாகுல் நாட்டில் கேபாங் என்னும் சிகரத்தின் பெயரையே தாங்கிய தெய்வம் உண்டு. ரோரிக் அச்சிகரத்தையும் தீட்டினார். தம் வீட்டு முற்றத்தில் நின்ற குகா சௌகான் என்னும் குதிரைவீரனின் கற்சிலையை மலையின் பின்னணியில் தீட்டினார். குலுவின் வசந்தத்தில், பூத்த மரத்தின் கீழே, பனிச் சிகரங்களின் முன்னே குழலூதும் கண்ணனையும் தீட்டினார். இந்தியரின் மலை வெறும் கல்லும் பனியும் அன்று என்பதை உணர்ந்த பின்னரே இப்படங்கள் பிறந்திருக்க முடியும்.

அவர் ஓவியங்களில் குறையே இல்லை என்பதற்கில்லை. வாழ்நாளில் ஏறத்தாழ ஏழாயிரம் படைப்புகளை ஆக்கிய ஒருவரின் கையில் எல்லாமே ஒரே தரமாக அமைவது அரிது. சில படங்கள் முன்பே கண்டவற்றின் மறுபடியாகத் தோன்றுகின்றன. சிலவற்றில் மறைபொருள் உணர்த்த வேண்டும் என்னும் ஆர்வம் ஓவியத்தை மிஞ்சிவிடுகிறது; மலை தானாகப் பேசாமல், ஓவியர் மலையைக் கொண்டு பேசுகிறார். அவருடைய ஆன்மிகக் கொள்கைகளை ஏற்போரும் உண்டு, ஏற்காதோரும் உண்டு. ஆனால் அக்கொள்கைகளை ஒருபுறம் வைத்துவிட்டு நோக்கினாலும், சிறந்த படங்களிலுள்ள ஒளி குறைவதில்லை. அது கொள்கையால் வந்த ஒளி அன்று. கண்ணால் வந்த ஒளி.

அழகியவற்றைக் காக்க வேண்டும் என்னும் எண்ணமும் அவரிடம் ஆழ வேரூன்றியிருந்தது. போர்க்காலத்திலும் கலைச்செல்வங்களையும் கல்வி நிலையங்களையும் தாக்கலாகாது என்னும் உடன்படிக்கையை அவர் முன்மொழிந்தார். 1935 ஏப்ரல் 15 ஆம் நாள் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் இருபத்தொன்று வாஷிங்டனில் அதில் கையெழுத்திட்டன. 1954 ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைக்கு அது முன்னோடியாயிற்று. 1942 இல் ஜவஹர்லால் நேரு மகள் இந்திராவோடு நகர் இல்லத்திற்குச் சென்று தங்கினார். நாடு விடுதலை பெற்ற ஆண்டிலேயே, 1947 டிசம்பர் 13 ஆம் நாள், ரோரிக் காலமானார். பனிமலையை நோக்கிய சரிவில் அவர் உடல் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் ஒரு கல் நிற்கிறது.

அவர் ஓவியங்களைக் காண விரும்புவோர் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. நகர் இல்லம் இப்போது காட்சிக்கூடமாக விளங்குகிறது. காசியில் பாரத் கலா பவனிலும், திருவனந்தபுரத்தில் சித்திரா ஓவியக்கூடத்திலும், பெங்களூரில் சித்ரகலா பரிஷத்திலும் அவருடைய படங்கள் உள்ளன. பெங்களூரில் அவை இருப்பதற்கு ஒரு காரணமும் உண்டு. இளைய மகன் ஸ்வெதொஸ்லாவ் ரோரிக் தாமும் சிறந்த ஓவியர். நடிகை தேவிகா ராணியை 1945 இல் மணந்து, 1993 இல் மறையும் வரை அந்நகரோடு தொடர்புகொண்டு வாழ்ந்தவர். 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின்படி, படைப்புகள் நாட்டைவிட்டு வெளியேறலாகாது என்று விதிக்கப்பட்ட ஒன்பது ஓவியர்களுள் நிக்கோலஸ் ரோரிக்கும் ஒருவர். அவ்வொன்பதின்மருள் இந்தியாவில் பிறவாதவர் அவர் ஒருவரே போலும் என்று எண்ணுவோர் அமிர்தா ஷேர்கில் ஹங்கேரியில் பிறந்தவர் என்பதையும் நினைக்க வேண்டும். கலைக்குப் பிறந்த மண்ணை விட வாழ்ந்த மண்ணே உரியது என்று நம் நாடு கருதியது போலும்.

இப்படங்களைக் காணும்போது ஒரு சிறு முறையைக் கையாளலாம். அச்சிட்ட படத்தைக் கொண்டு மதிப்பிட வேண்டாம். பளபளக்கும் தாள் டெம்பராவின் அடங்கிய ஒளியைக் கெடுத்துவிடும். மூலப்படத்தின் முன்னே முதலில் பத்தடி தள்ளி நின்று, மலை எழும்வரை பொறுத்திருங்கள். பின்பு அருகே சென்று, எத்தனை நிறங்கள் என்று எண்ணுங்கள். நிழல் எந்த நிறம் என்று பாருங்கள். எங்கேனும் ஒரு சிறு மனித உருவம் ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். அதன்பின் மீண்டும் பின்னே வந்து நில்லுங்கள். முதலில் கண்டதினும் அந்த மலை பெரிதாகியிருக்கும்.

இவ்வோவியங்களுக்கு இன்று வேறொரு பொருளும் வந்து சேர்ந்திருக்கிறது. ரோரிக் பல வாரம் நடந்து கடந்த மலைநாட்டின் ஒரு பகுதியில், ரோத்தங் கணவாயின் அடியில், 2020 இல் ஒன்பது கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. லாகுலின் மக்கள் பனிக்காலத்திலும் வெளியுலகோடு தொடர்புகொள்ள அது உதவுகிறது. அதே மலைகளின் பனியாறுகளோ உருகிக்கொண்டிருக்கின்றன. 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் இந்துகுஷ் இமயப் பனியாறுகள் அதற்கு முந்திய பத்தாண்டை விட 65 விழுக்காடு விரைவாகக் குறைந்தன என்று 2023 இல் வெளியான ஆய்வறிக்கை கூறுகிறது. அவ்வாண்டு ஜூலையில் பியாஸ் நதி பெருகிக் குலு பள்ளத்தாக்கில் பேரழிவு விளைவித்தது. மாறாதது என்று நாம் நம்பியிருந்த மலையும் மாறத்தக்கதே என்பது இப்போது தெரிகிறது.

மலையின் அளவை அளக்க அளவைக் கருவிகள் உள்ளன; அதன் வடிவைப் பதிக்கப் புகைப்படம் இருக்கிறது. ஆயினும் ஒரு குறிப்பிட்ட மாலையில், தூசி படியாத காற்றின் ஊடே, பனியின் மீது விழுந்த ஒளி மனிதக் கண்ணுக்கும் மனத்துக்கும் எவ்வாறு இருந்தது என்பதைச் சொல்ல ஓவியனைத் தவிர வேறு சாட்சி இல்லை. ரோரிக் அந்தச் சாட்சியை ஆயிரக்கணக்கான முறை கூறிவைத்துச் சென்றிருக்கிறார். அது கனவு என்று எண்ணுவோர், தெளிந்த வானமுள்ள ஒரு நாளில், சூரியன் மறைந்தபின் சற்று நேரம் கிழக்கே நோக்கி நிற்கட்டும்.